ஆணையிட அதிகாரம் இல்லாத அமைப்புகள்: பன்னாட்டு அரசு சாரா நிறுவனங்கள் எப்படி இயங்குகின்றன?

பன்னாட்டு ஒத்துழைப்பையும் நெறிசார்ந்த தலைமையையும் வளர்ப்பதே தங்கள் நோக்கம் என்று அறிவித்துக்கொள்ளும் அமைப்புகளின் பெயர்கள் செய்திகளிலும் அழைப்பிதழ்களிலும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஆனால் அவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஏதாவது ஒரு ஓரத்தில் போய் நின்றுவிடுகிறது. ஒரு சாரார் அவற்றை ஐக்கிய நாடுகள் சபையின் கிளைகள் என்றே நம்பி, அவை சொல்வதற்குச் சட்டத்தின் வலு உண்டு என்று எண்ணுகிறார்கள். மற்றொரு சாரார், மாநாடு நடத்தி, விருது வழங்கி, படம் எடுத்துக்கொண்டு கலையும் கூட்டம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டாவது கருத்துக்குப் பொருந்துகிற அமைப்புகள் உலகில் இல்லாமல் இல்லை. என்றாலும் எந்த அதிகாரமும் இல்லாத ஓர் அமைப்பு, படையும் கருவூலமும் வைத்திருக்கும் அரசுகளைச் சில நேரங்களில் அசைத்துவிடுகிறதே, அது எப்படி என்ற கேள்விக்கு இந்த இரு கருத்துகளுமே விடை தருவதில்லை.

## அரசு சார்ந்தது எது, சாராதது எது?

பல குடும்பங்கள் வாழும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எண்ணிப் பார்க்கலாம். மொட்டை மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி எல்லாருக்கும் பொது. அதை எப்போது கழுவுவது, செலவை எப்படிப் பகிர்வது என்று முடிவெடுக்க வீட்டு உரிமையாளர் சங்கம் உண்டு. அதில் வாக்களிக்கும் உரிமை உரிமையாளர்களுக்கு மட்டுமே. சங்கம் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும்போது, குடியிருப்போரில் நான்கு பேர் கைக்காசைப் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, வந்த அறிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுகிறார்கள். தொட்டியைக் கழுவச் சொல்லி ஆணையிட அந்த நால்வருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் அறிக்கை ஒட்டப்பட்ட பிறகு, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று செயலாளர் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட முடியாது.

ஐக்கிய நாடுகள் சபை அந்த உரிமையாளர் சங்கத்தைப் போன்றது. அதன் 193 உறுப்பினர்களும் அரசுகளே. தனி மனிதருக்கோ சங்கத்துக்கோ அங்கே வாக்கு இல்லை. இப்படி அரசுகள் தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டு உருவாக்கிய அமைப்பை அரசுகளிடை அமைப்பு என்கிறோம். தனி மனிதர்களும் சங்கங்களும் கூடி, ஏதேனும் ஒரு நாட்டின் சட்டப்படி பதிவு செய்து, இலாப நோக்கமின்றி நடத்துவது அரசு சாரா அமைப்பு. அது எத்தனை நாடுகளில் இயங்கினாலும் அதற்கு ஒரு சொந்த முகவரி உண்டு. ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 1961-இல் லண்டனில் தொடங்கியது. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 1993-இல் பெர்லினில் தொடங்கியது. இவை எந்த நாட்டின் நீதிமன்றத்துக்கும் அப்பாற்பட்டவை அல்ல. இடைநிலையில் நிற்கும் அமைப்புகளும் உண்டு. 1863-இல் ஜெனீவாவில் தோன்றிய பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு சுவிஸ் சட்டப்படி ஒரு தனியார் சங்கம். ஆனால் ஜெனீவா உடன்படிக்கைகள் போர்க்கைதிகளைச் சந்திப்பது போன்ற பணிகளை அதற்கென்றே ஒப்படைத்திருப்பதால், அதைச் சாதாரண அரசு சாரா அமைப்பாக யாரும் கருதுவதில்லை.

அரசு சாராத அமைப்பு என்பதால் அரசுக்கு எதிரணியில் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. 1905-இல் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரி, 1985-இல் போலியோ ஒழிப்பைத் தன் உலகளாவிய பணியாக அறிவித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து உலகச் சுகாதார நிறுவனம், யுனிசெஃப், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆகியவற்றோடு அது கைகோத்தது. 1988-இல் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 என்று மதிப்பிடப்பட்ட போலியோ பாதிப்பு, அதன் பிறகு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருக்கிறது. சொட்டு மருந்து முகாம்களை நாடுதோறும் நடத்தியவை பெரும்பாலும் அரசுகளே. பணம் திரட்டுவதும், தன்னார்வலர்களை அனுப்புவதும், அரசுகளை விடாமல் நச்சரிப்பதும் ரோட்டரியின் பங்காக இருந்தன.

## ஆலோசனைத் தகுதி: எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை?

குழப்பம் அதிகம் விளையும் இடம் இதுதான். 1945-இல் எழுதப்பட்ட ஐ.நா. சாசனத்தின் 71-ஆவது பிரிவு, ஐ.நா.வின் ஓர் உறுப்பான பொருளாதார, சமூக மன்றம் அரசு சாரா அமைப்புகளோடு கலந்தாலோசிக்க ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்கிறது. அந்த ஏற்பாட்டின்படி ஓர் அமைப்புக்குக் கிடைக்கும் அனுமதிக்குப் பெயர் ஆலோசனைத் தகுதி. 1996-இல் நிறைவேறிய தீர்மானம் ஒன்று இதற்கான விதிகளை வகுத்தது. அதன்படி பொது, சிறப்பு, பட்டியல் என்று மூன்று வகைகள் உள்ளன. மன்றத்தின் வேலைகளில் பெரும்பாலானவற்றோடு தொடர்புடைய பெரிய அமைப்புகளுக்குப் பொதுத் தகுதி. சில துறைகளில் மட்டும் தேர்ச்சி உள்ளவற்றுக்குச் சிறப்புத் தகுதி. எப்போதாவது பயன்படக்கூடியவை பட்டியலில் இடம்பெறும். இன்று 6,000-க்கும் மேற்பட்ட அமைப்புகள் இந்தத் தகுதியைப் பெற்றிருக்கின்றன.

இதனால் கிடைப்பது என்ன? கூட்டங்களுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு கிடைக்கும். எழுத்து வடிவில் கருத்து அளிக்கலாம்: மன்றத்துக்கு அளிப்பதானால் பொதுத் தகுதி உள்ளவை 2,000 சொற்கள் வரை, சிறப்புத் தகுதி உள்ளவை 500 சொற்கள் வரை. சில அமர்வுகளில் பேசவும் வாய்ப்பு உண்டு. பொதுத் தகுதியும் சிறப்புத் தகுதியும் பெற்றவை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தாங்கள் செய்ததை அறிக்கையாகத் தர வேண்டும். தராவிட்டால் தகுதி நிறுத்தி வைக்கப்படலாம், பறிபோகவும் கூடும்.

கிடைக்காதவற்றின் பட்டியல்தான் பெரியது. வாக்குரிமை கிடையாது. நிதியுதவி கிடையாது. ஐ.நா.வின் பெயரால் பேசவோ, சான்றிதழும் பட்டமும் வழங்கவோ உரிமை கிடையாது. ஐ.நா.வின் சின்னமான, ஆலிவ் கிளைகள் சூழ்ந்த உலகப் படத்தைத் தாள்தலைப்பில் அச்சிட்டுக்கொள்ளும் உரிமையும் இதில் அடங்காது. 'ஐ.நா. அங்கீகாரம் பெற்ற அமைப்பு' என்று ஓர் அழைப்பிதழ் சொன்னால், அதன் பொருள் பெரும்பாலும் இந்த அனுமதிச் சீட்டுதான். அந்த அமைப்பின் கணக்கு வழக்கையோ ஒழுக்கத்தையோ ஐ.நா. தணிக்கை செய்து முத்திரை குத்தியதாக அதற்குப் பொருள் இல்லை.

இந்தத் தகுதி இல்லாததை வைத்து ஓர் அமைப்பைக் குறைத்து மதிப்பிடுவதும் தவறாகவே முடியும். விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் இருப்பவை 19 அரசுகள். தமக்குப் பிடிக்காத அமைப்பின் விண்ணப்பத்தை மறுக்காமலேயே, மேலும் ஒரு கேள்வி, மேலும் ஒரு விளக்கம் என்று கேட்டு ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போட ஓர் உறுப்பு நாட்டால் முடியும். செய்தியாளர் பாதுகாப்புக் குழு 2012-இல் விண்ணப்பித்தது. 2016 மே மாதம் 19 அரசுகள் கொண்ட பரிசீலனைக் குழு அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. ஜூலையில் மன்றம் அந்த முடிவை மாற்றித் தகுதியை வழங்கியது. 2008-இல் விண்ணப்பித்த பன்னாட்டுத் தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்புக்கு 2022-இன் இறுதியில்தான் தகுதி கிடைத்தது.

இதுவரை பார்த்ததைத் திரட்டினால்: அரசுகளிடை அமைப்பில் அரசுகளுக்கே வாக்கு, அரசு சாரா அமைப்பு வெளியில் நிற்கிறது. ஆலோசனைத் தகுதி அதை அறைக்குள் அனுமதிக்கிறது, ஆனால் மேசையில் இடம் தருவதில்லை.

## கையில் அதிகாரம் இல்லாமல் காரியம் நடப்பது எப்படி?

கண்ணிவெடித் தடையின் கதையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இயங்குமுறை விளங்கும். ஆள்கொல்லிக் கண்ணிவெடி மண்ணுக்கடியில் புதைக்கப்படும் சிறு கருவி. காலின் எடை பட்டவுடன் வெடிக்கும். போர் முடிந்து படைகள் திரும்பிய பிறகும் அது அங்கேயே காத்திருக்கும். பல ஆண்டுகள் கழித்து வயலுக்குப் போகும் உழவரும் விறகு பொறுக்கும் சிறுவரும் அதில் காலை இழப்பார்கள். ஆனாலும் இது படைத்துறையின் தொழில்நுட்பச் சிக்கலாகவே நெடுங்காலம் பேசப்பட்டது.

1992-இல் ஆறு அமைப்புகள் சேர்ந்து கண்ணிவெடித் தடைக்கான பன்னாட்டு இயக்கத்தைத் தொடங்கின. அவற்றில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்திவந்த அமைப்புகளும், புதைந்த வெடிகளை அகற்றிவந்த அமைப்பும், மனித உரிமை மீறல்களை ஆவணப்படுத்திவந்த அமைப்பும் இருந்தன. இந்தச் சேர்க்கையே அவர்களின் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. மருத்துவமனைப் பதிவேடு, வெடி கிடந்த இடத்தின் வரைபடம், வெடியைத் தயாரித்தவர் யார் என்ற தகவல் ஆகிய மூன்றும் ஒரே கோப்பில் வந்து சேர்ந்தன. எந்தப் பாதுகாப்பு அமைச்சகத்திடமும் அந்தக் கோப்பு முழுமையாக இல்லை. 'கண்ணிவெடியைப் பொறுப்போடு பயன்படுத்தினால் பொதுமக்களுக்கு ஆபத்து இல்லை' என்ற வாதத்தை அது நிற்கவிடவில்லை.

அடுத்த கட்டம் உடன்படிக்கையின் வாசகத்தை வரைவது. ஐ.நா.வின் ஆயுதக் குறைப்புப் பேச்சுகளில் ஒருமித்த கருத்து தேவைப்பட்டதால் ஒரு நாடு தலையாட்ட மறுத்தாலும் வேலை நின்றுவிடும். ஆகவே இயக்கத்தினர் தடைக்கு ஆதரவான நடுத்தர நாடுகளைத் தேடிப் போனார்கள். 1996 அக்டோபரில் ஒட்டாவாவில் கூடிய மாநாட்டின் முடிவில், கனடாவின் வெளியுறவு அமைச்சர் லாயிட் ஆக்ஸ்வொர்தி, ஓராண்டுக்குள் உடன்படிக்கையில் கையெழுத்திட வாருங்கள் என்று வெளிப்படையாக அழைப்பு விடுத்தார். தூதர்களுக்கு அது அதிர்ச்சி. அவர்கள் பழகிய வேகம் அதுவன்று. 1997 டிசம்பரில் 122 நாடுகள் கையெழுத்திட்டன. அந்த ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு அந்த இயக்கத்துக்கும் அதன் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸுக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது.

கையெழுத்திட்டவுடன் ஓர் அரசு முழுமையாகக் கட்டுப்பட்டுவிடாது. தன் நாட்டுச் சட்டமுறைப்படி ஒப்புதல் பெற்று அதை முறையாகத் தெரிவிக்க வேண்டும். இதற்கு ஏற்புறுதி என்று பெயர். 40 நாடுகளின் ஏற்புறுதி கிடைத்த பின், 1999 மார்ச் 1-ஆம் நாள் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. கையிருப்பை நான்கு ஆண்டுகளில் அழிக்க வேண்டும், புதைந்தவற்றைப் பத்து ஆண்டுகளில் அகற்ற வேண்டும் என்று அது காலக்கெடு விதிக்கிறது.

அதற்குப் பிறகு வருவதுதான் பலர் கவனிக்காத கட்டம். உடன்படிக்கையில் சேர்ந்த நாடு ஆண்டுதோறும் தன் கையிருப்பு பற்றி அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கை உண்மைதானா என்று சரிபார்க்கத் தனிப்பட்ட ஆய்வாளர் படை எதையும் உடன்படிக்கை நிறுவவில்லை. அந்த வேலையை இயக்கமே எடுத்துக்கொண்டது. 1999 முதல் அது வெளியிட்டுவரும் கண்காணிப்பு அறிக்கை, நாடு வாரியாக எவ்வளவு அழிக்கப்பட்டது, எவ்வளவு நிலம் மீட்கப்பட்டது, எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று எழுதி வைக்கிறது. அரசு தந்த எண்ணும் இந்த எண்ணும் பொருந்தாதபோது அடுத்த கூட்டத்தில் கேள்வி எழும்.

இதன் எல்லையையும் மறைக்கக் கூடாது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் ஆகியவை அதில் சேரவில்லை. உக்ரைன் போரின் நிழலில், எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஆகியவை விலகும் முடிவை 2025-இல் அறிவித்தன. அச்சம் மிகும்போது அறிவிப்புப் பலகையின் வலு குறைகிறது. அரசு சாரா அமைப்பால் யாரையும் உள்ளே பிடித்து வைக்க முடியாது.

சுருக்கமாக: ஆதாரம் திரட்டுவது, உடன்படிக்கை வாசகத்தை வடிவமைக்க உதவுவது, நடைமுறைக்கு வந்த பின் கண்காணிப்பது என்ற மூன்றிலும் தேவைப்பட்டது அதிகாரம் அன்று. அந்த அமைப்பு தரும் எண்ணை எதிர்த்தரப்பும் நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

## நெறிசார்ந்த தலைமை என்றால் நல்ல மனிதரா?

நெறிசார்ந்த தலைமையைப் பற்றிப் பேசும் மேடைகளில் தலைவரின் எளிமையும் நேர்மையும் புகழப்படும். குணம் வேண்டியதுதான், ஆனால் பன்னாட்டு அமைப்புகள் பயனுள்ள வேலை செய்திருப்பது குணத்தை நம்பாமல் ஏற்பாடுகளை மாற்றியபோதுதான். முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் நலன் முரண்பாடு. பதவியின் கடமையும் சொந்த ஆதாயமும் ஒரே முடிவில் எதிரெதிராக இழுக்கும் நிலையே அது. ஒப்பந்தம் வழங்கும் அதிகாரியின் உறவினரே ஒப்பந்தம் கோரினால், அதிகாரி எவ்வளவு நேர்மையானவர் என்பது அடுத்த கேள்வி. உறவை முன்கூட்டியே அறிவித்து முடிவிலிருந்து விலகி நிற்கும்படி விதி கட்டாயப்படுத்துகிறதா என்பதே முதல் கேள்வி.

டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலைத் தொடங்கியவர்களில் ஒருவரான பீட்டர் ஐகன், கிழக்கு ஆப்பிரிக்காவில் உலக வங்கிக்காகப் பணியாற்றியவர். அக்காலத்தில் ஊழல் என்பது ஏழை நாட்டு அதிகாரிகளின் கைநீட்டும் பழக்கமாக மட்டுமே பேசப்பட்டது. கொடுத்த கை எது என்று கேட்பார் குறைவு. ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளில், வெளிநாட்டு அதிகாரிக்குக் கொடுத்த இலஞ்சத்தை வணிகச் செலவாகக் கணக்குக் காட்டி வரிச்சலுகை பெறச் சட்டம் அப்போது இடம் தந்தது. இத்தகைய இலஞ்சத்தை அமெரிக்கா 1977-லேயே குற்றமாக்கியிருந்ததால், போட்டியில் தங்கள் நிறுவனங்கள் பின்தங்குவதாக அந்நாடும் மற்ற நாடுகளை நெருக்கியது. அரசு நெருக்கடியும் அரசு சாரா அமைப்பின் பிரசாரமும் சேர்ந்தே, 1997-இல் வளர்ந்த நாடுகளிடையே வெளிநாட்டு இலஞ்சத்துக்கு எதிரான உடன்படிக்கை உருவாக வழிசெய்தன. புகழ் முழுவதையும் ஒரு தரப்புக்கே கொடுப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

1995 முதல் அந்த அமைப்பு வெளியிடும் ஊழல் கணிப்புக் குறியீடு மிகவும் பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. பரவலாகத் தவறாகவும் படிக்கப்படுகிறது. அது நடந்த ஊழலின் அளவு அன்று. ஒரு நாட்டின் பொதுத்துறை ஊழல் பற்றி வல்லுநர்களும் வணிகத் துறையினரும் கொண்டுள்ள கணிப்பை 0 முதல் 100 வரை மதிப்பெண்ணாக்குவது அது. 100 என்றால் மிகத் தூய்மை. வரி ஏய்ப்பும் பிற நாட்டுக் கறுப்புப் பணத்துக்குப் பெட்டகம் அளிப்பதும் அதன் வரம்பில் வரா. ஆகையால் பட்டியலின் உச்சியில் நிற்கும் ஒரு நாட்டின் வங்கிகள், அடியில் நிற்கும் நாட்டின் களவுப் பணத்தைப் பத்திரமாக வைத்திருக்க எந்தத் தடையும் இல்லை.

சூடானில் பிறந்த தொழிலதிபர் மோ இப்ராகிமின் அறக்கட்டளை வேறொரு வழியைத் தேர்ந்தது. ஆட்சியை விட்டு இறங்கினால் வருமானமும் பாதுகாப்பும் போய்விடும் என்ற அச்சமே பல தலைவர்களை நாற்காலியோடு ஒட்ட வைக்கிறது என்பது அதன் கணிப்பு. மக்களால் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அரசமைப்பு விதித்த காலத்தோடு பதவி விலகி, சிறப்பாகவும் ஆண்ட ஆப்பிரிக்கத் தலைவருக்கு 50 இலட்சம் டாலர் பரிசை அது நிறுவியது. 2007-இல் மொசாம்பிக்கின் ஜோவாக்கிம் சிசானோ முதலில் பெற்றார். தகுதியானவர் எவரும் இல்லை என்று பல ஆண்டுகள் பரிசு வழங்கப்படவே இல்லை. ஆண்டு தவறாமல் விருது விழா நடத்தும் அமைப்புகளின் நடுவே, அந்தக் காலியிடங்களே இந்தப் பரிசுக்கு மதிப்பைச் சேர்த்தன என்பது என் எண்ணம். விலக மனமில்லாத ஒருவரைப் பணம் மாற்றியதா என்பது வேறு கேள்வி. அதை நிறுவிக் காட்டுவது எளிதன்று.

## பணம் யாருடையது?

நம்பகத்தன்மையே மூலதனம் என்றால், அந்த மூலதனத்தை முதலில் கரைக்கக்கூடியது நன்கொடை. ஓர் அரசின் பணத்தில் வாழும் அமைப்பு அந்த அரசை விமர்சிக்கும்போது குரல் தாழ்வது இயல்பு. ஆம்னெஸ்டி தன் மனித உரிமை ஆய்வுகளுக்கு அரசுகளிடமிருந்து பணம் பெறுவதில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் வருவாயில் பெரும்பகுதி தனி மனிதர்களின் சிறு நன்கொடைகளிலிருந்து வருகிறது. அகதிகளைத் தடுத்து நிறுத்தும் ஐரோப்பியக் கொள்கையைக் கண்டித்து, 2016-இல் அந்த அமைப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியையும் அதன் உறுப்பு நாடுகளின் நிதியையும் வேண்டாம் என்று மறுத்தது. மறுக்க முடிந்ததற்குக் காரணம், அந்தப் பணம் இல்லாமலும் மருத்துவமனைகளை நடத்தும் நிலையில் அது இருந்தது. எல்லா அமைப்புகளுக்கும் அந்த வசதி இல்லை. அரசு நிதி பெறுவதே குற்றமும் ஆகாது. யாரிடமிருந்து, எவ்வளவு, என்ன நிபந்தனையோடு என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் ஐயத்துக்கு இடம் தருகிறது.

## நெறி பேசும் அமைப்பே வழுவும்போது

ஹாங்காங்கிலிருந்து இயங்கிய சீன எரிசக்தி நிதிக் குழு என்ற ஆய்வு அமைப்பு, ஐ.நா.வின் சிறப்பு ஆலோசனைத் தகுதி பெற்றிருந்தது. எண்ணெய் உரிமைகளைப் பெறும் முயற்சியில் சாட் நாட்டு அதிபருக்குப் பரிசுப் பெட்டிகளுக்குள் மறைத்து 20 இலட்சம் டாலர் ரொக்கமும், உகாண்டாவின் வெளியுறவு அமைச்சருக்கு 5 இலட்சம் டாலரும் அளிக்க முனைந்ததாக அதன் தலைவர் மீது வழக்கு நடந்தது. 2018 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றத்தில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. அடுத்த ஆண்டு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஐ.நா. வளாகத்துக்குள் சென்று வர அந்த அமைப்புக்கு இருந்த தகுதியே, பெரிய மனிதர்களைச் சந்திக்கும் வாசலாகப் பயன்பட்டது.

பேரிடர் உதவிக்குப் பெயர்பெற்ற ஆக்ஸ்பாமின் சிக்கல் வேறு வகையானது. 2010 நிலநடுக்கத்துக்குப் பின் ஹெய்ட்டியில் பணியாற்றிய அதன் ஊழியர் சிலரின் பாலியல் முறைகேடுகள் 2018-இல் வெளியாயின. 2011-லேயே அமைப்பு உள்விசாரணை நடத்தி, சிலரை நீக்கியும் சிலரை விலக அனுமதித்தும் இருந்தது. முழு விவரத்தை வெளியே சொல்லவில்லை. பிரிட்டனின் அறக்கொடை ஆணையம் 2019-இல் அந்த அமைப்பை அதிகாரபூர்வமாக எச்சரித்தது. செய்த தவறு சிலருடையது. மூடி வைத்தது தலைமையின் முடிவு. நன்கொடையாளர்கள் ஆயிரக்கணக்கில் விலகினார்கள்.

## ஓர் அமைப்பை எடைபோடுவது எப்படி?

முதலில், அது எந்த நாட்டில், எந்தச் சட்டப்படி பதிவானது என்று கேட்க வேண்டும். ஆலோசனைத் தகுதி இருப்பதாகச் சொன்னால், ஐ.நா. வெளியிடும் பொதுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, எந்த வகை என்று யாரும் சரிபார்க்கலாம். அது அளித்த நான்காண்டு அறிக்கையைப் படித்தால், உண்மையில் எந்தக் கூட்டத்துக்குப் போய் என்ன சொன்னது என்பது தெரியும். தணிக்கை செய்யப்பட்ட கணக்கு வெளியிடப்பட்டிருக்கிறதா, அதில் நன்கொடையாளர் பெயர்கள் உள்ளனவா, ஆட்சிக்குழுவில் எல்லாரும் ஒரே குடும்பத்தினரா, தலைவருக்குப் பதவிக்கால வரம்பு உண்டா என்பவை அடுத்து வருபவை. கடைசிக் கேள்வியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நெறிசார்ந்த தலைமையைப் பற்றி உலகுக்குச் சொல்லும் அமைப்புகளில், நிறுவியவரே ஆயுட்காலத் தலைவராக இருப்பது அரிதன்று.

விருதுக்கோ உறுப்பினர் பதவிக்கோ கட்டணம் கேட்கும் அழைப்பு வந்தால், சென்ற ஆண்டின் கணக்கறிக்கையை அனுப்புமாறு எழுதிக் கேட்கலாம். முறையாக நடக்கும் அமைப்புக்கு அது ஒரு கோப்பை இணைத்து அனுப்பும் வேலை மட்டுமே.